வெள்ளிக்கிழமைத் துணி

மூட்டு வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போய்விட்ட என் வயதுக்காரர்களே, இன்றைக்கு ஒரு மிஷினைப் பற்றிச் சொல்கிறேன். மரம் கடைகிற மிஷின். கொழுந்தும் கூடையும் கங்காணியும் பற்றி எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த மிஷினைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

வட்டவளைக்கு மேலே எங்கள் தோட்டம். மழை எப்போது நின்றது என்று யோசித்துச் சொல்ல வேண்டிய ஊர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் பின்பக்கம் தகரம் போட்ட ஒரு பட்டறை. அப்பாவுக்கு அங்கே கடைசல் வேலை. உடைந்த ஏணிப்படி, மம்பட்டிப் பிடி, துரை பங்களாவின் கட்டில் கால், எல்லாம் அவர் கையால்தான். அந்த வேலைக்காக ஸ்டோர் ஓரத்தில் தனியாக ஒரு சின்ன வீடு கொடுத்திருந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரே ஒரு காம்பிரா, நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். எங்களுக்கு இரண்டு அறை, மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற பீலி ஒன்று சொந்தமாக. என் அம்மாவுக்கு அந்தப் பீலியில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வேலை போனால் வீடும் போகும் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

மிஷின் பழசு. பக்கத்துத் தோட்டத்தில் வேண்டாமென்று தள்ளியதை எங்கள் துரை எடுத்துக்கொண்டு வந்தாராம். ஸ்டோர் எஞ்சினிலிருந்து நீளமான பெல்ட் வழியாக அது ஓடும். மெல்லிய மரத்தைக் கடைய வேகம் வேண்டும். கனத்த மரத்துக்கு மெதுவாக ஓட வேண்டும். அந்த வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஏற்பாடு. மின்னுகிற ஒரு தண்டு. அதில் எதிரும் புதிருமாக இரண்டு இரும்புத் தட்டுகள், நடுவில் அகலமான ஒரு பெல்ட். கைச்சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பினால் தட்டுகள் நெருங்கி வரும், பெல்ட் மேலே ஏறும், மிஷின் பறக்கும். மறுபக்கம் திருப்பினால், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் ஒரு தட்டைப் பின்னுக்குத் தள்ளும், பெல்ட் கீழே இறங்கும், மிஷின் தணியும். தட்டு தண்டின்மேல் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். சக்கரத்தின் பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடும், சக்கரத்தோடு சேர்ந்து நகர்கிற ஒரு முள்ளும் உண்டு. இந்தக் கோடியில் ‘ஸ்லோ’, அந்தக் கோடியில் ‘ஃபாஸ்ட்’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும்.

இதையெல்லாம் இப்போது விளக்கமாகச் சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். வீட்டிலிருந்தே கேட்கும். கட்டில் கால் என்றால் கீச்சென்று மேலே போகும். பெரிய மரம் ஏற்றினால் அடிவயிற்றிலிருந்து முனகும். மரவாசத்தோடு அப்பா வருவார். காதுமடலுக்குள்கூடத் தூள் இருக்கும். அம்மா முந்தானை நுனியால் அதைத் துடைத்துவிடுவாள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டில் நடந்த காதல் என்று நான் பார்த்தது அதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் அப்பா ஒன்று கேட்பார்.

“இந்தா புள்ள, நாளைக்கு வெள்ளிக்கெழம. ஒரு சுத்தமான துணி குடு.”

அம்மா பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து, தோய்த்து, அடுப்புக்கு மேலே காயப் போட்டு, மடித்துக் கொடுப்பாள். எதற்கு என்று கேட்கமாட்டாள். வெள்ளிக்கிழமை, சுத்தமான துணி, அதற்குமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஆயுத பூஜைக்குப் பட்டறைக்குள் பெண்களையும் விடுவார்கள். அன்றைக்கு அப்பா இப்படித்தான் ஒரு துணியால் மிஷினின் மரக்காலைத் துடைத்து, சந்தனம் வைத்து, பொட்டு வைத்துச் சூடம் காட்டுவார். அதைப் பார்த்தவள் அம்மா. வாராவாரம் சின்ன அளவில் அதையே செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். நானும்தான் நினைத்தேன்.

அப்பாவுக்கு இருமல் வந்தது. மரத்தூள்தான் காரணம் என்றார்கள். பிறகு கைத்துணியில் இரத்தம் தெரிந்தது. தோட்டத்து மருந்துக்காரர் பார்த்துவிட்டு, கண்டிப் பக்கத்து நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறியில் முன்பக்கம் இடம் கொடுத்தார்கள். மழை. அம்மா சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு லொறிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கல்யாணமாகாதவர், புல்லு வெட்டுகிற கூட்டத்தில் வேலை, எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஓய்வு நேரத்தில் அப்பாவுக்கு மரம் பிடித்துக்கொடுத்துப் பழகியவர். அப்பா மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார்.

“மெசின நிப்பாட்டிறாதீங்க. தம்பி ஓட்டட்டும். வெள்ளிக்கெழம தவறாம... அந்தத் தண்டுக்குச் செஞ்சிருங்க. விட்டுறாதீங்க.”

“விடமாட்டோங்க,” என்றாள் அம்மா.

இவ்வளவுதான் சொன்னார். “தண்டுக்குச் செய்யணும்.” நம் பேச்சில் சாமிக்குச் செய்வதும் ‘செய்வது’தான், மாட்டுக்குச் செய்வதும் ‘செய்வது’தான், செத்தவர்களுக்குச் செய்வதும் ‘செய்வது’தான். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுவதற்கும் அவர் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்த ஒரு சொல்லை நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அந்த மனுஷன் இன்னும் இரண்டு வார்த்தை கூடச் சொல்லியிருக்கக்கூடாதா!

ஸ்டோரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் டீமேக்கர் ஐயா. கெட்டவரில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“ஒங்கண்ணன் வர்ற வரைக்கும் நீ ஓட்டு. ஆனா வேல நின்னுச்சுன்னா, அட்டன்ல இருந்து ஒரு பாஸ கொண்டாந்திருவாரு தொர. அப்புறம் எங்கையில ஒண்ணுமில்லப்பா.”

பாஸ் என்றால் சிங்களத் தச்சர். அவர் வந்தால் வேலை அவருக்கு, வீடும் அவருக்கு. நோயாளியாகத் திரும்பி வருகிற அப்பாவை எந்தக் காம்பிராவில் படுக்கவைப்பது என்று அம்மா அன்று இரவு முழுக்க யோசித்திருப்பாள். காலையில் கண் வீங்கியிருந்தது.

முதல் வெள்ளிக்கிழமை, சோற்று நேரத்தில், ஆட்கள் இல்லாதபோது, அம்மா தலைக்குக் குளித்து ஈரத்தோடு பட்டறைக்கு வந்தாள். நான் பூஜைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அம்மாவிடம் ஒரு சந்தனக் கட்டை இருந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணச் சீராக வந்தது. நல்ல நாளுக்கு மட்டும் எடுப்பாள். அதைக் காலையிலேயே கல்லில் இழைத்து, வாழையிலையில் வழித்து வைத்திருந்தாள். மழை நாளில் அந்த மணம் வீடு முழுக்க நின்றது.

“எங்க தம்பி செய்வாரு ஒங்கண்ணன்?” என்று கேட்டாள்.

“இந்தத் தண்டுலதான் அண்ணி. சோத்து நேரத்துல கதவச் சாத்திக்கிட்டு ஒத்தையிலதான் செய்வாரு. நான் கிட்ட நின்னு பாத்ததில்ல.”

தூறல் அடித்துத் தண்டு துருப்பிடிக்குமே என்று அப்பா கதவைச் சாத்தியிருப்பார். இவர்கள் இரண்டு பேருக்கும் அது வேறு மாதிரி தெரிந்தது. அம்மா செருப்பில்லாத காலை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். துணியால் தண்டைத் துடைத்தாள். அதுவரைக்கும் சரி. அப்புறம் நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டாள். தண்டு நெடுக, தட்டு போய் முட்டுகிற இடம்வரைக்கும் விரலை விட்டுச் சந்தனம் பூசினாள். மேலே குங்குமம். என் அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“அண்ணி, மெசினு வேகத்துக்குப் போவுது. எறங்கி வர மாட்டேங்குது. சக்கரத்தத் திருப்பிட்டு நிக்கணும். கொஞ்ச நேரஞ் செண்டு, மனசு வந்தாப்புலதான் எறங்குது.”

“ஐயாகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னா? மெசினு ஒடஞ்சிருச்சு, இவனுக்கு ஓட்டத் தெரியலம்பாங்க. பாஸு வந்திருவான்.” பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “கைக்காரனத் தேடுது அண்ணி. வேற ஒண்ணுமில்ல,” என்றார்.

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பால் கறக்கிற கை மாறினால் மாடே உதைக்கிறது. அந்த வாரத்திலிருந்து சந்தனம் இரட்டிப்பாயிற்று. பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பது பாவமென்று அதன்மேலேயே பூசினாள். பட்டறையில் பறக்கிற மரத்தூள் அதில் போய் ஒட்டும். அதன்மேல் எண்ணெய். அதன்மேல் மறுபடி சந்தனம். மிஷின் இறங்கி வர இன்னும் நேரம் எடுத்தது. சித்தப்பா மரச்சுத்தியலால் தட்டின் ஓரத்தில் மெல்லத் தட்டி இறக்கப் பழகினார். வெளியில் யாருக்கும் தெரியாமல், தட்டும்போது இருமிக்கொள்வார். அண்ணனைப் போலவே இவருக்கும் வந்துவிட்டதோ என்று ஆட்கள் கேட்டார்கள்.

அப்பாவைப் பார்க்க ஒருமுறை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே செங்கல்மேல் ஏறி நின்றேன். அப்பா பாதியாகிவிட்டிருந்தார். காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதில் தூளே இல்லை. அம்மா போகும்போதே என்னிடம் சொல்லிவைத்திருந்தாள், மிஷின் முரண்டு பிடிக்கிறதைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று. கேட்டால் நோய் கூடும் என்ற பயம்.

“வெள்ளிக்கெழம செய்றீங்களா?” இதுதான் அவர் முதலில் கேட்டது. என்னைப் பற்றிக்கூட அப்புறம்தான்.

“ஒரு வாரங்கூட விடலீங்க.”

“தண்டு பூராவும்?”

“பூராவுங்க. நானே போயிச் செய்றேன்.”

“நீயா?” சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. “எண்ணெ நெறைய வேணாம். ஒரு சொட்டு போதும்.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னாள்: “பாத்தியா, நம்ம கஷ்டந் தெரிஞ்சு எண்ணெயக் கொறைக்கச் சொல்றாரு. அதுக்காக நாம கொறைக்க முடியுமா?” அடுத்த வெள்ளிக்கிழமை எண்ணெய் இன்னும் கூடியது.

அவர்கள் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். ஒருவர் கேட்டதற்கு மற்றவர் நேராகப் பதில் சொன்னார். அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடியதை நான் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன்.

அந்த மழைக்காலம் முடிகிற நேரத்தில் துரை பங்களாவின் வராந்தாத் தூண்கள் உளுத்துவிட்டன. துரைசானி வருவதற்குள் புதுத் தூண் கடைந்து நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொன்றும் ஆள் உயரம், கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத கனம். மிஷின் மிக மெதுவாக ஓடினால்தான் அந்த மரத்தை ஏற்ற முடியும். சித்தப்பா அன்று சோறு சாப்பிடவில்லை. “இத முடிச்சுக் குடுத்துட்டா அண்ணன் வர்ற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கமாட்டாங்க அண்ணி,” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை சந்தனக் கட்டை விரல்கடை அளவுக்குத் தேய்ந்துவிட்டிருந்தது. கல்லில் பிடித்து இழைக்க முடியவில்லை. அம்மா கொஞ்சம் மஞ்சளைக் குழைத்து அதோடு சேர்த்தாள். சேர்க்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சாமியிடம் கடன் சொல்கிறவள் முகம்.

மறுநாள் காலை. அம்மா பீலியடியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில். சித்தப்பா காலையில் சின்ன வேலை ஏதோ முடித்திருக்கிறார், கீச்சென்ற சத்தம் கேட்டு நின்றது. தூணை ஏற்ற ஆட்கள் போனார்கள். கொஞ்ச நேரம் அமைதி. சித்தப்பா சக்கரத்தை முழுக்கத் திருப்பினாராம், முள் ‘ஸ்லோ’வில் வந்து நின்றதாம், சுத்தியலாலும் தட்டினாராம். வேகம் இறங்கியிருக்கும் என்று நம்பி, எஞ்சின் பெல்ட்டைத் தள்ளி மிஷினை ஓடவிட்டிருக்கிறார். முனகல் வரவேண்டிய இடத்தில் கட்டில் காலுக்கு வருகிற கீச்சுச் சத்தம் வந்தது.

அம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. “என்னாடி இது, இப்பிடிச் சத்தம் போடுது?”

பிறகு தகரம் அதிர ஓர் அடி. அதன் பிறகு ஆட்கள் கத்துகிற சத்தம். அம்மா அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அரிசி பீலித் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது, நான் அதைப் பொறுக்குவதா ஓடுவதா என்று தெரியாமல் நின்று அழுதேன்.

தூண் மிஷினிலிருந்து பிடுங்கிக்கொண்டு சித்தப்பாவின் வலது தோளிலும் முழங்கையிலும் விழுந்திருந்தது. உயிர் தப்பியது. கையை வெட்டவில்லை, ஆனால் அது அதன்பிறகு ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்கவில்லை. சட்டைக்குள் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

பாஸ் வந்தார். அவரோடு வேறொரு மிஷின் வந்தது. எங்கள் மிஷின் இரத்தம் குடித்த மிஷின் என்று பெயர் வாங்கிக்கொண்டு, ஸ்டோருக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் கிடந்தது. நாங்கள் மேல் லயத்தில் கடைசிக் காம்பிராவுக்குப் போனோம். அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகத் தொடங்கினாள். பீலித் தண்ணீருக்கு வரிசையில் நின்றாள். அப்பா ஒருவழியாகத் திரும்பி வந்தபோது அவருக்குக் கொழுந்துச் சாக்கு உதறுகிற வேலைதான் கிடைத்தது.

ஒரே காம்பிராவில் நான்கு பேர். மூன்று பெரியவர்களும் ஆளுக்கொரு குற்றத்தை வைத்துக்கொண்டு தூங்கினார்கள். சித்தப்பா தன் நேரம் சரியில்லை என்றார். அம்மா, “கலந்து ஏமாத்திட்டேனே” என்று சுவரில் தலையை முட்டிக்கொள்வாள். எதை எதோடு கலந்தாள் என்று மட்டும் யாரிடமும் சொல்லமாட்டாள். அப்பாவுக்கு விளங்கவேயில்லை.

“நெசமாவே வெள்ளிக்கெழம செஞ்சியா புள்ள?”

“இந்தப் புள்ள தலையில அடிச்சுச் சொல்றேங்க. ஒரு வாரம் விடல.” என் தலையில் கையை வைத்தாள்.

“அப்ப ஸ்பிரிங்குதான். பழசு போனப்ப நாந்தான் புதுசா வளச்சுப் போட்டேன். எங்கையாலதான் என் தம்பி கை போச்சு,” என்பார் அப்பா. அப்போது சித்தப்பா, “விடுண்ணே, ஸ்பிரிங்கு ஒடையறதுக்கு நீ என்னா பண்ணுவ,” என்று இடது கையால் அவர் முதுகைத் தட்டுவார். அந்தக் காம்பிராவில் நல்லது என்று ஏதாவது இருந்ததென்றால் அது இந்த முதுகுத் தட்டல்தான்.

அட்டனிலிருந்து பழைய இரும்பு வாங்குகிற முஸ்லிம் வியாபாரி, நாங்கள் நானா என்போம், ஒருநாள் லொறி கொண்டு வந்தார். கொழுந்து நிறுக்கிற நேரம், எல்லாரும் ஸ்டோர் வாசலில் நின்றோம். மிஷினை இழுத்துப் போட்டார்கள். தூக்க முடியவில்லை. “இத இப்பிடியே ஏத்த ஏலாது, ஒடைங்க வாப்பா,” என்றார் நானா. சம்மட்டி போட்டார்கள். இரண்டு தட்டுகளும் பிரியவில்லை. ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. நாலைந்து அடிக்குப் பிறகு ஒன்று பிளந்து விழுந்தது.

அப்பா சாக்கைப் போட்டுவிட்டு வந்து குனிந்தார். ஸ்பிரிங்கைத்தான் முதலில் பார்த்தார். அது முழுசாக இருந்தது. பிறகு தண்டைத் தடவினார். ஏதோ ஒன்றை நகத்தால் பெயர்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கூடையோடு ஓடி வந்தாள். “என்னங்க? உள்ள என்னாங்க இருக்கு?”

சித்தப்பாவும் வந்து நின்றார். அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளங்கையை மூடிக்கொண்டார்.

“துரு,” என்றார்.

“துருவா?”

“ஆமா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தியே புடிச்சிருக்கு. நான் சரியாத் தொடைக்காம விட்டிருக்கேன்.”

அப்படியென்றால் அம்மாவுக்குக் காரணம் மஞ்சள் இல்லை, அவள் இல்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். சித்தப்பா அழவில்லை.

“அப்ப நீ பாக்காம விட்டதுதானா? ஸ்பிரிங்கு இல்லையா?”

“ஸ்பிரிங்கு நல்லாத்தான் இருக்கு. நான் பாக்காம விட்டதுதான்.”

சித்தப்பா தன் வலது கையை இடது கையால் தூக்கி ஒருதடவை பார்த்தார். அந்த வாரமே வட்டகொடைப் பக்கம் யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரவேயில்லை. அப்பா செத்ததற்கு ஆள் அனுப்பினோம், அதற்கும் வரவில்லை. அம்மா கடைசிவரைக்கும் கொழுந்தனாரைத்தான் குறை சொன்னாள், “ஒரு துருவுக்காக அண்ணன வெட்டிக்கிட்டுப் போனாரே,” என்று. அப்பா இருந்தவரைக்கும், அதைக் கேட்கும்போதெல்லாம் முற்றத்துக்கு எழுந்து போவார். தம்பியிடமாவது உண்மையைத் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று நான் எத்தனையோ நாள் அவரோடு மனசுக்குள் சண்டை போட்டிருக்கிறேன். தம்பி ஒரு வார்த்தை வாய் தவறி விட்டிருந்தால் அம்மா பிழைத்திருக்கமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். லொறி போன பிறகு அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஏறினார். மழை விட்டிருந்தது. பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, அதுவரை மூடியே வைத்திருந்த அந்தக் கையால் வியர்த்த என் முகத்தைத் துடைத்துவிட்டார். கை சந்தனமாய் மணத்தது. அது தண்டிலிருந்து பெயர்த்த அம்மாவின் சந்தனம் என்று விளங்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அன்றைக்கு, அப்பா கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் சந்தோஷமாக மேலே ஓடினேன்.